தொடக்கமும் துணிவும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தின் வடபால் அமைந்துள்ள ஊர் துடியலூர். துடி என்பது இடை சிறுத்த பறை ஒன்றன் பழந்தமிழ்ப் பெயர். அப்பறையின் பெயர் ஒலிக்கும் ஊரில் இன்று மிகுதியாக ஒலிப்பது பட்டறைகளின் ஓசையே. மேற்கே குருடிமலை நீல நிறங்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. வானம் பார்த்த நிலம் மிகுந்த கொங்கு நாட்டில், ஆழ்ந்த கிணற்று நீரை மேலேற்றப் பம்புகள் வேண்டியிருந்தன. அப்பம்புகளைச் செய்து கொடுக்கக் கோவையைச் சுற்றிலும் வார்ப்படத் தொழிற்சாலைகள் பல தோன்றின.

அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் மணல் அச்சு அமைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் துடியலூரில் வாழ்ந்து வந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவன். பள்ளி விட்டு வந்ததும் அவன் முதலில் தேடுவது அப்புச்சியையும், அவருடைய பழைய சதுரங்கப் பலகையையும்தான்.

அம்முதியவருக்குச் சதுரங்கத்தில் பற்று உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. விசுவநாதன் ஆனந்த் என்னும் இளைஞர் 1987-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் உலக இளையோர் பட்டம் வென்றார். அதனை அடுத்துக் கோயம்புத்தூரில் நடைபெற்ற சக்தி பைனான்ஸ் பன்னாட்டுப் போட்டியிலும் வாகை சூடி, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்னும் பெருமையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஆட்டம் நாடு முழுவதும் பேசப்படுகிறதே என்று வியந்த அத்தொழிலாளி, அன்றுதொட்டுச் செய்தித்தாளில் சதுரங்கப் பகுதியைத் தேடிப் படிக்கலானார். சிறந்த ஆட்டங்களின் நகர்த்தல்களைக் கணக்குப் புத்தகம் ஒன்றில் எழுதி வைப்பதும் வழக்கமாயிற்று.

ஒரு ஞாயிறு மாலை. நகரில் நடந்த மாணவர் போட்டிக்குச் சென்றிருந்த பேரன் வாடிய முகத்துடன் திரும்பினான். காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திண்ணையின் ஓரத்தில் அமர்ந்தான்.

"இனி நான் சதுரங்கம் ஆடமாட்டேனுங்க, அப்புச்சி" என்றான்.

"ஏன், கண்ணு?"

"என்னைவிட இரண்டு வயது இளைய பெண்ணிடம் தோற்றுவிட்டேன். மெரான் முறையின் நகர்த்தல்கள் அத்தனையும் மனப்பாடம் செய்து போயிருந்தேனுங்க. அவளோ ஆறாம் நகர்த்தலிலேயே நூலில் இல்லாத வேறொரு காயை எடுத்து வைத்தாள். நான் நூலில் உள்ளபடியே ஆடினேன். ஒரு குதிரை போயிற்று. பிறகு எல்லாம் போயிற்று. இத்தனை நாள் படித்தது வீண்."

முதியவர் உடனே ஆறுதல் கூறவில்லை. உள்ளே சென்று பலகையையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வந்தார். காய்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே பேசினார்.

"வார்ப்படச் சாலையில் நான் சேர்ந்த முதல் மாதம், மேஸ்திரி செய்வதைப் பார்த்து அப்படியே மணலை அச்சுப் பெட்டியில் இடித்து நிரப்பினேன். பார்வைக்கு இரண்டு அச்சும் ஒன்றுபோலவே இருந்தன. உருக்கிய இரும்பை ஊற்றினோம். ஆறிய பிறகு உடைத்துப் பார்த்தால், என் வார்ப்பில் மட்டும் கொப்புளம் கொப்புளமாய்ப் பொத்தல்கள். மணலில் ஈரம் மிகுந்துவிட்டது. ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி இரும்புக்குள் புகுந்துவிட்டது. மேஸ்திரியின் கையைப் பார்த்தேனே அன்றி, அவர் மணலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தது ஏன் என்று கேட்கவில்லை. நீயும் மெரான் முறையின் நகர்த்தலைப் படித்தாய். அது ஏன் என்று படித்தாயா?"

சிறுவன் பேசவில்லை.

சதுரங்க ஆட்டத்தின் முதற்பகுதியைத் தொடக்கம் என்பர். இரு பக்கத்தாரும் காய்களை வெளியே கொணர்ந்து, நடுக்களத்தில் இடம் பிடித்து, அரசனைக் காவலில் வைக்கும் பகுதி அது. நூற்றாண்டுக் கணக்கில் ஆடி ஆடித் தேர்ந்த தொடக்கங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. செமி ஸ்லாவ் தற்காப்பு அவற்றுள் ஒன்று. மெரான் முறை அதன் கிளை. இத்தாலி நாட்டின் வடபகுதியில் மலைகள் சூழ்ந்த மெரான் என்னும் ஊரில் 1924-இல் நடந்த போட்டியில், எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டு என்பவருக்கு எதிராக அக்கிபா ரூபின்ஸ்டீன் என்னும் மேதை இம்முறையைக் கையாண்டார். அதனால் அவ்வூரின் பெயரே இதற்கும் வாய்த்தது.

முதியவர் காய்களை நகர்த்தி அதன் உட்பொருளை விளக்கினார்.

"வெள்ளை நடுக்களத்தில் இரண்டு சிப்பாய்களை முன்னே செலுத்துகிறது. கறுப்பு தன் நடுச் சிப்பாய்க்கு இருபுறமும் இரண்டு சிப்பாய்களை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறது. இதுவரை பொறுமை. வெள்ளை மந்திரி ஒரு கட்டம் வெளியே வரும்வரை கறுப்பு காத்திருக்கிறது. வந்தவுடன், வெள்ளையின் பக்கச் சிப்பாயை வெட்டுகிறது. மந்திரி மீண்டும் நகர்ந்து வந்து பதிலுக்கு வெட்டவேண்டும். உடனே கறுப்பு மற்றொரு சிப்பாயை ஏவி அதனை விரட்டுகிறது. மந்திரி பழைய இடத்துக்கே திரும்புகிறது. எண்ணிப் பார், அம்மந்திரி ஒரே இடத்தில் போய் நிற்க எத்தனை முறை நகர்ந்தது?"

"மூன்று முறைங்க."

"அவ்வளவுதான் மெரானின் ஆதாயம். மந்திரி முன்னரே வெளிவந்திருந்தால்தான் அந்த ஆதாயம் கிடைக்கும். அந்தப் பெண் மந்திரியை வெளியே கொண்டு வந்தாளா?"

"இல்லைங்க. அரசியை நகர்த்தினாள்."

"அப்படியானால் நீ யாரை விரட்டச் சிப்பாயை ஏவினாய்?"

சிறுவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இல்லாத மந்திரியை விரட்டப் போய்த் தன் குதிரையை இழந்தது அப்பொழுதுதான் அவனுக்கு விளங்கிற்று.

முதியவர் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். 2013-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் நடந்த ஆட்டம் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆடிய இடம், நெதர்லாந்து நாட்டின் கடற்கரைச் சிற்றூராகிய விக் ஆன் சே. அவ்வூரின் அருகே பெரியதோர் எஃகு ஆலை உள்ளது. அவ்வாலையைச் சார்ந்த சதுரங்கக் கழகம் 1938-இல் சிறிய அளவில் தொடங்கிய போட்டியே பின்னர் உலகப் புகழ் பெற்றது. ஆலை கைமாறுந்தோறும் போட்டியின் பெயரும் மாறி, 2011 முதல் டாட்டா எஃகின் பெயரால் வழங்கலாயிற்று. போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில், 1946-ஆம் ஆண்டுப் போட்டியின் நிறைவு விருந்தில் பட்டாணிச் சாறுதான் பரிமாறினார்களாம். அவ்வெளிய உணவை நினைவாகப் போற்றும் வழக்கம் அங்குத் தொடர்ந்து வருகிறது. இரும்பு உருக்கும் ஊரில் சதுரங்கம் வளர்ந்த செய்தியைக் கூறும்போது, வார்ப்படத் தொழிலாளியின் குரலில் ஒரு பெருமிதம் தோன்றியது.

அப்போட்டியின் நான்காம் சுற்றில் ஆர்மீனிய நாட்டு வீரர் லெவோன் அரோனியன் வெள்ளைக் காய்களுடனும், ஆனந்த் கறுப்புக் காய்களுடனும் அமர்ந்தனர். ஆனந்துக்கு அப்பொழுது வயது நாற்பத்து மூன்று. உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர்தாம். ஆயினும் அவருடைய ஆற்றல் குன்றிவிட்டது என்னும் பேச்சு அந்நாளில் பரவலாக எழுந்திருந்தது. 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் ஆடிய பட்டப் போட்டி ஆறுக்கு ஆறு எனச் சமமாக முடிந்து, விரைவு ஆட்டத்தினால்தான் அவர் பட்டத்தைக் காத்துக்கொள்ள முடிந்தது. எதிரே இருந்த அரோனியனோ உலகத் தரவரிசையின் முன்னணியில் நின்ற முப்பது வயது வீரர்.

ஆட்டம் மெரான் முறையில் தொடங்கிற்று. பன்னிரண்டாம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை கறுப்பு அரசனின் கோட்டைக்கு முன்னே பாய்ந்து வந்து, காவற் சிப்பாயைக் குறி வைத்தது. அக்குறிக்குத் துணையாக மந்திரி; மந்திரியின் பின்னே அரசி. எவரும் அச்சிப்பாயைக் காக்கவே நினைப்பர். ஆனந்த் அதனைக் காக்கவில்லை. நடுக்களத்தில் மற்றொரு சிப்பாயை முன்னே தள்ளினார். கெல்ஃபாண்டுடன் மோதுவதற்காகத் தம் துணைவர்களுடன் ஆராய்ந்து, அங்கே பயன்படாமல் எஞ்சியிருந்த வழி அது.

"அரோனியன் குதிரையால் சிப்பாயை வெட்டினார். அக்குதிரையை வெட்டினால் வெள்ளை மந்திரி வந்து அரசனைத் தாக்கும். ஆகவே ஆனந்த் வெட்டாமல், தம் குதிரையை எதிரி அரசனின் வாயிலுக்கு அனுப்பினார். வெள்ளை ஒரு சிப்பாயை நகர்த்திக் கறுப்பு மந்திரியின் பாதையை அடைத்தது. மந்திரி வேறு பாதைக்குத் திரும்பிற்று, அதுவும் எங்கே? வெள்ளைச் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்திலேயே போய் அமர்ந்தது!" என்றார் முதியவர்.

"வெட்டிவிடலாமே!"

"வெட்டலாம். ஆனால் அச்சிப்பாய்தான் தன் அரசனுக்கு முன்னே நின்ற தாழ்ப்பாள். அது விலகினால் கதவு திறந்துவிடும். அரோனியன் அதை அறிந்து, தம் மந்திரியைப் பின்னே இழுத்துக் கறுப்புக் குதிரையை அச்சுறுத்தினார். இப்பொழுது பதினாறாம் நகர்த்தல். ஆனந்த் இரண்டாம் குதிரையையும் நடுக்களத்தில் கொண்டு வந்து வைத்தார். பலகையை நன்றாகப் பார். கறுப்புக் காய்களுள் எவை எவை வெட்டுப்படும் நிலையில் இருக்கின்றன?"

சிறுவன் விரல் விட்டு எண்ணினான். மந்திரி ஒன்று, குதிரைகள் இரண்டு, யானை ஒன்று. நான்கு காய்கள்! அவன் கண்கள் அகன்றன.

"நான்கையும் விட்டுவிட்டாரா, அப்புச்சி?"

"நான்கில் ஒன்றைத்தானே ஒரு முறை வெட்டமுடியும்? எதை வெட்டினாலும் என்ன ஆகும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். நடுவில் உள்ள குதிரையை, அரசனை ஒட்டி வந்த சிப்பாய் வெட்டுவதாக வைத்துக்கொள். கறுப்பு அரசி நடுச் சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கும். வெள்ளை அரசன் மூலைக்கு ஒதுங்கினால், அரசி அவன் பக்கத்திலேயே போய் நின்று தன்னைப் பலி கொடுக்கும். வெள்ளை யானை அரசியை வெட்டியே ஆகவேண்டும். வெட்டியவுடன் மூலையில் அரசனைச் சுற்றி அவனுடைய காய்களே மதிலாகிவிடும். எஞ்சிய குதிரை ஒரு பாய்ச்சல், அரசன் வீழ்ந்தான்."

அரோனியன் அவ்வலையில் சிக்கவில்லை. மந்திரியால் முன்னிருந்த குதிரையை வெட்டினார். கறுப்பு மந்திரி நடுச் சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்தது. வெள்ளை அரசன் மூலைக்குச் சென்றான். கறுப்புக் குதிரை வெள்ளை மந்திரியை வீழ்த்தியது. அதற்கிடையே வெள்ளைக் குதிரை கறுப்பு யானையை வெட்டியது. இங்கே முதியவர் பலகையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"இப்பொழுது நீ ஆனந்த். என்ன ஆடுவாய்?"

சிறுவன் நெடுநேரம் நோக்கினான். பிறகு கறுப்பு அரசியை எடுத்து, வெள்ளை அரசன் இருக்கும் ஓரத்துக்கு நேரே கொண்டு வைத்தான்.

"நல்ல எண்ணந்தான். ஆனால் வெள்ளை அரசி கோணலாக நீண்ட பாதையில் வந்து உன் அரசனுக்கு அருகே நின்று செக் கொடுக்கும். அரசிக்கு அரசி மாறிப்போகும். உன் தாக்குதல் அணைந்த அடுப்பாகிவிடும். ஒரு யானை நட்டம் மட்டும் மிஞ்சும். ஆனந்த் என்ன செய்தார் தெரியுமா? செக் இல்லை, வெட்டு இல்லை. கைக்கு எட்டிய குதிரையைக்கூடத் தொடவில்லை. ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அவ்வளவுதான். அந்தச் சிப்பாய் வெள்ளை அரசியின் நீண்ட பாதையை அடைத்துவிட்டது. இனித் தாக்குதலைத் தடுக்க வழியில்லை."

மேலும் நான்கே நகர்த்தல்கள். இருபத்து மூன்றாம் நகர்த்தலில் கறுப்பு மந்திரி ஒன்று, வெள்ளை அரசிக்கும் அவள் காத்து நின்ற சிப்பாய்க்கும் இடையே போய் நின்றது. அரசி அதனை வெட்டினால், கறுப்புக் குதிரை அரசியை வெட்டும். வெட்டாவிட்டால், கறுப்பு அரசி அச்சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே நுழையும். தொலைவில் நின்ற மற்றொரு கறுப்பு மந்திரியின் பார்வையால் வெள்ளை அரசனின் முன்னிருந்த சிப்பாய் அசைய முடியாமல் கட்டுண்டு கிடந்தது. அரோனியன் கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அவ்வாட்டத்தைக் கண்டவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. ஆனந்தும் அதனை நினைவுகூர்ந்தார். 1907-இல் போலந்து மண்ணில் உள்ள லோட்சு நகரில் ரோட்லெவி என்பவரை ரூபின்ஸ்டீன் வென்ற ஆட்டம் அது. அங்கும் இரண்டு கறுப்பு மந்திரிகள் வெள்ளை அரசனை நோக்கி நீண்ட பாதைகளில் நின்றன. அங்கும் ஒரு குதிரை அரசனின் வாயிலில் நின்றது. ரூபின்ஸ்டீன் தம் அரசியையே பலியாக வைத்து, இருபத்தைந்தாம் நகர்த்தலில் வெற்றி கண்டார். மெரான் முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவரும் அவரே அல்லரோ? 2013-இன் ஆட்டத்தில் தொடக்கமும் அவர் காட்டிய வழி. முடிவும் அவர் காட்டிய வழியை ஒத்தது. முன்னோர் ஆடிய ஆட்டங்களை உணர்ந்து கற்றவருக்கு, அவை உரிய வேளையில் வந்து கை கொடுக்கின்றன.

இருள் சூழ்ந்தது. திண்ணை விளக்கை ஏற்றிவிட்டு வந்த சிறுவன் கேட்டான்: "அதற்குப் பிறகு அவரை யாரும் வெல்லவில்லையா, அப்புச்சி?"

முதியவர் பொய் சொல்லவில்லை. "அதே ஆண்டு நவம்பரில், தம் சொந்த நகரமாகிய சென்னையிலேயே உலகப் பட்டத்தை இழந்தார். நார்வே நாட்டு இளைஞர் மாக்னஸ் கார்ல்சன் ஆறரைக்கு மூன்றரை என்று வென்றார். ஊரே பார்த்திருக்கத் தோற்றார், கண்ணு. ஆட்டத்தை விட்டுவிட்டாரா? இல்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமையைத் தேர்ந்த வீரர்களிடையே ஆடி மீண்டும் வென்றார். அம்முறையும் பட்டம் கிட்டவில்லை. 2017-இல் நாற்பத்தெட்டாம் வயதில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். அவர் அமைத்த பயிற்சிக் கழகத்தில் பயின்ற சென்னை இளைஞர் குகேஷ், 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில், பதினெட்டு வயதிலேயே உலகப் பட்டம் வென்றார். 1988-இல் இந்த நாட்டில் ஒரே ஒரு கிராண்ட் மாஸ்டர். இன்று எண்பதுக்கும் மேற்பட்டோர். முதல்வர் தோற்றவுடன் பலகையை மடித்து வைத்திருந்தால் இவர்களெல்லாம் யாரைப் பார்த்துக் கற்றிருப்பார்கள்?"

அன்றிரவு சிறுவன் தன் நோட்டுப் புத்தகத்தில் மெரான் முறையை மறுபடியும் எழுதினான். இம்முறை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே 'ஏன்?' என்று ஒரு சொல்லை எழுதி, விடைக்கு இடம் விட்டான். சில இடங்கள் அன்றே நிரம்பின. சில பல வாரங்கள் வெற்றிடமாகவே கிடந்தன. நிரம்பாத இடங்களே அவனை நாள்தோறும் பலகைக்கு அழைத்தன.

மூன்று திங்கள் கழித்து மற்றொரு போட்டிக்குச் சென்றான். முதல் ஆட்டத்தில் எதிரி நான்காம் நகர்த்தலிலேயே புதிய வழியில் சென்றான். சிறுவனின் கை பழக்கத்தால் ஒரு காயை நோக்கி நீண்டது, நடுவில் நின்றது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் காய் ஏன் இங்கே வந்தது என்று எண்ணிப் பார்த்தான். அந்நாளில் ஆடிய ஐந்து ஆட்டங்களுள் மூன்றில் வென்றான், ஒன்று சமமாயிற்று, ஒன்றில் தோற்றான்.

மாலையில் வீடு திரும்பியவன் காலணியை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். முதியவர் திண்ணையில் காத்திருந்தார். வென்ற ஆட்டங்களை அவன் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். பலகையை விரித்துக் காய்களை அடுக்கினான்.

"அப்புச்சி, இன்று தோற்ற ஆட்டத்தை முதலில் பார்க்கலாமுங்களா?" என்றான்.

முதியவர் ஒன்றும் கூறவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, பலகையின் அருகே நகர்ந்து அமர்ந்தார்.